கமலாவதியின் பெயரில் கிடந்த கார்க்காசு

அரசாங்கச் சம்பளக்காரனுக்கு ஒரு வசதி உண்டு. தன் காசைத் தானே எடுத்து ஒதுக்கிவைக்கும் வேதனை அவனுக்கு இல்லை. சம்பளம் கைக்கு வரும்போதே விதவைகள் அநாதைகள் நிதிக்கென்று ஒரு பங்கு வெட்டுப்பட்டுத்தான் வரும். முதல் மாதம் வயிறெரியும். பிறகு அப்படி ஒரு காசு இருந்ததே மறந்துபோகும். வயது போனதும் பென்சன் வீடு தேடி வரும். நான் முப்பத்திரண்டு வருஷம் தபாற்கந்தோரில் இருந்து, இப்படித்தான் ஒரு கவலையும் இல்லாமல் கிழவனானேன். அந்தத் திமிரில்தான் பரமலிங்கத்துக்குப் புத்தி சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பரமலிங்கம் மருதனார்மடச் சந்தியில் வாடகைக் கார் ஓட்டியவர். ஊர் சண்டிலிப்பாய். கொழும்பில் ஒரு துரையிடம் பத்து வருஷம் டிரைவராக இருந்து, மிச்சம் பிடித்த காசில் ஒரு பழைய ஒஸ்ரின் காரை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தார். இனி ஒருவனுக்கும் கதவு திறந்துவிடுவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு வந்ததாகச் சொல்லுவார். சந்தியில் வந்து நின்ற பிறகும் கதவு திறந்துவிட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அது தன் காரின் கதவு என்பதில் அவருக்கு ஒரு தனி இன்பம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு துணித்துண்டு இருக்கும். ஆள் இறங்கிக் காசு தருவதற்கு முன்பே கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிவிடுவார்.

உழைப்புக்குக் குறைவில்லை. கலியாண மாதங்களிலும் நல்லூர்த் திருவிழா நாள்களிலும் சாப்பிடக்கூட நேரம் கிடைக்காது. பிரசவத்துக்கு ஆட்களை ஏற்றிப் போனால் காசு கேட்கமாட்டார். பிள்ளை பிறந்து தாயும் சுகமாக வீடு வந்த பிறகு தந்தால் வாங்குவார். வந்த காசு பெற்றோலுக்கும் ரயருக்கும் வீட்டுச் செலவுக்கும் போய்விடும். வருஷக் கடைசியில் அரசாங்கக் கச்சேரியில் காருக்கு லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். அந்த வரிக்காசை ஒரேயடியாகக் கட்டவேண்டும். அதனால் மார்கழி பிறந்தால் அவருடைய மனைவி சிவக்கொழுந்துவின் தாலிக்கொடி அடைவு கடைக்குப் போகும். சித்திரையில் திரும்பி வரும். இடையில் நாலு மாதம் அந்த மனுஷி கழுத்தில் மஞ்சட்கயிற்றோடு கோயிலுக்குப் போகக் கூசி, வீட்டுச் சாமிப்படத்தையே கும்பிட்டுக்கொண்டிருப்பார்.

முப்பத்தாறாம் ஆண்டுச் சித்திரையில் கொடியை மீட்டுக்கொண்டு போகிற வழியில் பரமலிங்கம் முத்திரை வாங்க என் கந்தோருக்குள் வந்தார். சந்தியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒற்றை அறைக் கந்தோர் அது. போஸ்ற்மாஸ்ரர், குமாஸ்தா எல்லாம் நான் ஒருவன்தான். கொடிப் பொதியை மேசையில் வைத்துவிட்டு, இந்த மானக்கேடு எத்தனை வருஷத்துக்கு என்று நொந்துகொண்டார்.

"எனக்கு அரசாங்கம் வெட்டுற மாதிரி நீங்களே உங்களுக்கு வெட்டுங்கோ," என்றேன். "ரூபாய்க்குப் பதினைஞ்சு சதம். பத்துச் சதம் லைசென்சுக்கு. அஞ்சு சதம் கண் மங்கி ஸ்ரியரிங் பிடிக்க ஏலாமல் போற காலத்துக்கு. உங்களுக்கு ஆர் பென்சன் தரப்போகினம்?"

அந்தக் கடைசிக் கேள்வி அவரைப் பிடித்துவிட்டது. இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் வந்தார். வெட்டச் சம்மதம், ஆனால் வெட்டிய காசை எங்கே போடுவது என்பதுதான் இப்போது சிக்கல். வீட்டில் தகரப்பேணியில் போட்டால் அது தேங்காய்க்கும் மீனுக்கும் போய்விடும். யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு பாங்கின் படியேறிப் பார்த்திருக்கிறார். உள்ளே இருந்தவர் இங்கிலீசில் கேட்ட கேள்விக்கு இவர் தமிழில் பதில் சொல்ல, இவரை யாரோ துரையின் கடிதம் கொண்டுவந்த டிரைவர் என்று நினைத்துக் கையை நீட்டினாராம். பேசாமல் இறங்கி வந்துவிட்டார். ஊரில் ஐக்கிய நாணய சங்கம் இருந்தது. நல்ல சங்கம்தான். ஆனால் மாதக் கூட்டத்தில் ஒவ்வொருவரின் இருப்பையும் ஊருக்கே கேட்க வாசிப்பார்கள். கமிற்றியில் பாதிப்பேர் இவருக்குச் சொந்தம். மிச்சப்பேர் சிவக்கொழுந்துவுக்குச் சொந்தம்.

அப்படியானால் தபாற்கந்தோர்ச் சேமிப்புப் புத்தகம்தான் சரி என்றேன். இருப்பை வெளியில் சொல்ல எனக்கு உத்தரவில்லை. பெருந்தொகை எடுப்பதென்றால் கொழும்புக்கு எழுதி, அங்கிருந்து பதில் வர வேண்டும். கைக்கு வர ஏழு நாள், ஒரு கிழமை பிடிக்கும். அந்த ஒரு கிழமைத் தாமதம் அவருக்கு மிகவும் பிடித்துக்கொண்டது. விண்ணப்பத்தை எடுத்துப் பெயரை எழுதப் போனேன். என் கையைப் பிடித்துவிட்டார்.

"என்ரை பேரிலை போட்டால் நிக்காது மாஸ்ரர். நாளைக்கு ஒரு மச்சான் வந்து கைமாத்தாய்க் கேப்பான். புத்தகம் இருக்கெண்டு தெரிஞ்சால் நான் என்னெண்டு இல்லையெண்டு சொல்லுறது? லைசென்சுக்கு வைச்சிருக்கிறன் எண்டால், மார்கழிக்கு முதல் தந்திடுறன் எண்டுவான். மோளின்ரை பேரிலை போடுங்கோ. சீதனக்காசு எண்டால் ஒருத்தனும் வாய் திறக்கமாட்டான்."

அவர் சொன்னது முழு உண்மை. எங்கள் பக்கத்தில் வயலை விற்றாயா, நகையை விற்றாயா என்று எதையும் கேட்பார்கள். பெண்பிள்ளையின் சீதனத்துக்கு ஒதுக்கிய காசை மட்டும் பெற்ற தகப்பனிடம்கூடக் கடனாகக் கேட்கமாட்டார்கள். கேட்டவனுக்கு ஊரில் மதிப்பில்லை. மனுஷன் எவ்வளவு கெட்டிக்காரன் என்று நானும் வியந்தேன். ஒரு மகள்தான் அவருக்கு, கமலாவதி. அப்போது பதினேழு வயது. அவளைக் கூட்டிவந்து கையொப்பம் வைக்கச் செய்தார். விண்ணப்பத்தை என் கையாலேயே நிரப்பினேன். புத்தகத்தின் சொந்தக்காரி யார், காசின் சொந்தக்காரர் யார் என்று அன்றைக்கு ஒரு வார்த்தை நான் கேட்டிருக்க வேண்டும். சட்டம் தெரிந்தவன் நான்தானே.

திட்டம் நன்றாகத்தான் நடந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சில்லறையைக் கொண்டுவந்து கட்டுவார். மார்கழி வந்ததும் கமலாவதி தகப்பனோடு வந்து கையொப்பம் வைப்பாள். லைசென்சுக்கு வேண்டியதை எடுத்துக்கொடுப்பேன். அந்த வருஷம் சிவக்கொழுந்து தாலிக்கொடியோடு திருவெம்பாவைப் பூசைக்குப் போனார். அதைச் சந்தியில் நின்று பார்த்த பரமலிங்கத்தின் முகத்தில் இருந்த பெருமையை நான் கண்டேன். மச்சான்மார் ஒருவர் பின் ஒருவராக வந்து கேட்டார்கள். சீதனக்காசு என்றதும் மன்னித்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பதில் அவருக்கு நாக்கில் பழகிப்போய்விட்டது.

முப்பத்தேழாம் ஆண்டு கார்த்திகை மழையில் அவருடைய அண்ணன் முத்துக்குமாருவின் புகையிலைத் தோட்டம் வெள்ளத்தில் நின்றது. கன்று முழுவதும் அழுகிப்போய்விட்டது. உரத்துக்கும் இறைப்புக்கும் வாங்கிய கடனைத் திருப்பிக் கேட்டு ஆட்கள் வாசலில் நின்றார்கள். முத்துக்குமாரு தம்பியிடம் வந்தார். தாய்தகப்பன் இல்லாமல் போன பிறகு, தான் படிக்காமல் தோட்டம் கொத்தித் தம்பியை ஐந்தாம் வகுப்பு வரை படிக்கவைத்தவர். வாழ்நாளில் அதற்கு முதல் தம்பியிடம் ஒரு சதம் கேட்டதில்லை. மார்கழிக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. புத்தகத்தில் இருந்த காசு அண்ணன் கேட்ட தொகைக்குப் போதும். கொடுத்தால் கார் நிற்கும். கார் நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது.

பரமலிங்கம் அண்ணனிடமும் அதே பதிலைத்தான் சொன்னார். அது பிள்ளையின் சீதனக்காசு அண்ணை என்றார்.

முத்துக்குமாரு வற்புறுத்தவில்லையாம். ஓம், அது தொடக்கூடாத காசுதான் என்று எழும்பிப் போய், தோட்டக்காணியில் நல்ல துண்டை ஒற்றிக்குக் கொடுத்துக் கடனை அடைத்தார். ஒற்றி என்றால் காசு திருப்பிக் கட்டும் வரைக்கும் காணியை மற்றவன்தான் செய்வான். தன் காணியில் இன்னொருவன் வாழை நடுவதைப் பார்த்துக்கொண்டு வேலிக்கு இப்பால் நின்று வேலை செய்தார் அந்த மனுஷன். அதற்குப் பிறகு தம்பி வீட்டுக்கு அவர் வருவது குறைந்துவிட்டது. சண்டை இல்லை, கோபம் இல்லை. வராமல் விட்டார், அவ்வளவுதான்.

இதையெல்லாம் பரமலிங்கம் என் கந்தோர் வாங்குப்பலகையில் குந்தியிருந்து சொல்லிச் சொல்லி வருந்துவார். உண்மையைச் சொல்லி மறுத்திருந்தால் அண்ணனுக்குக் கோபம் வந்திருக்கும், ஆனால் எனக்கு நெஞ்சு சுட்டிருக்காது என்பார். அவர் மறுத்தது குற்றம் என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். சொன்ன காரணம்தான் பொய்.

முப்பத்தொன்பதாம் ஆண்டு கமலாவதிக்குத் தெல்லிப்பழையில் சம்பந்தம் பொருந்தியது. மாப்பிள்ளை கூட்டுறவுக் கடையில் மனேச்சர். மாப்பிள்ளையின் தகப்பன் தியாகராசா கணக்குவழக்கில் வலு கவனமானவர். சிவக்கொழுந்துவின் வீடுவளவும் இரண்டு பரப்புத் தோட்டமும் நகையும் என்று பேசி முடித்தார்கள். புத்தகத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பரமலிங்கமும் திறக்கவில்லை. பேச்சில் வராதது எழுத்திலும் வராது என்று அவர் நம்பினார்.

தியாகராசா ஒருநாள் என் கந்தோருக்கு வந்தார். ஒரு போஸ்ற்காட் வாங்கிவிட்டுக் கமலாவதியின் புத்தகத்தில் எவ்வளவு கிடக்கிறது என்று சாடையாகக் கேட்டார். சொல்ல உத்தரவில்லை என்றேன். அவர் சிரித்துக்கொண்டு போனார். புத்தகமே இல்லையென்றால் இல்லையென்று சொல்லியிருப்பேனே என்று கணக்குப் போட்டுவிட்டார். நான் உத்தியோக விசுவாசத்தில் வாயைப் பூட்டியது பரமலிங்கத்தின் தலையில் போய் விடிந்தது.

ஆவணியில் கலியாண எழுத்து. சீதன உறுதிப் பத்திரத்தை எழுதிக் கையொப்பம் வைக்கும் நாள். உறுதி எழுதும் நொத்தாரிசு பாயில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தார். நானும் சாட்சிக்குப் போயிருந்தேன். முத்துக்குமாருவும் வந்திருந்தார், பெண்ணின் பெரியையா இல்லாமல் எழுத்து நடக்காது. வாசித்து முடிந்ததும் தியாகராசா தொண்டையைச் செருமிக்கொண்டு, பிள்ளையின் பேரில் ஒரு தபாற்கந்தோர்ப் புத்தகம் இருப்பதாகக் கேள்வி, அதன் இலக்கத்தையும் எழுதினால் நல்லது என்றார்.

 அது வேறை காசு என்று பரமலிங்கம் மெல்லச் சொன்னார். என்ன வேறை காசு என்று தியாகராசா கேட்டார். ஊரெல்லாம் சீதனக்காசு என்கிறார்களே, ஊருக்கு ஒன்று எங்களுக்கு ஒன்றா என்றார். குரல் உயரவில்லை, ஆனால் மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அறைக்குள் இருந்த கமலாவதி கதவோரம் வந்து நின்றாள். பரமலிங்கம் வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்லத்தான் திறந்தார் என்று நான் சத்தியம் செய்வேன். அதற்குள் முத்துக்குமாரு எழும்பிவிட்டார்.

"என்ரை தம்பியை ஆரும் பொய்யன் எண்டு நினைக்க வேண்டாம்," என்றார் முத்துக்குமாரு. "என்ரை தோட்டம் வெள்ளத்திலை போகேக்கை நான் போய்க் கேட்டனான். கூடப்பிறந்த எனக்கே தரேல்லை. பிள்ளையின்ரை சீதனம் அண்ணை எண்டு சொன்னவன். என்ரை காணி ஒற்றிக்குப் போகேக்கையும் தொடாமல் வைச்ச காசு அது. எனக்கு அண்டைக்கு மனம் நொந்ததுதான். இண்டைக்குப் பெருமையாக் கிடக்கு. எழுதுங்கோ நொத்தாரிசு ஐயா, நான் சாட்சி."

இரண்டு வருஷம் மனதுக்குள் வைத்திருந்த நோவை அந்த மனுஷன் சபையில் எல்லோருக்கும் முன்னால் இறக்கிவைத்துத் தம்பியை மன்னித்துவிட்டார். பரமலிங்கம் குனிந்து அழுதார். பெண்ணைப் பெற்றவன் அழுகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். நொத்தாரிசு இலக்கத்தை எழுதினார். நான் சாட்சிக் கையொப்பம் வைத்தேன். அது கார்க்காசு என்று தெரிந்தே வைத்தேன்.

கலியாணம் குறையில்லாமல் நடந்தது. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் பரமலிங்கம் இரவுபகலாக ஓடினார். யுத்தம் தொடங்கிப் பெற்றோல் விலை ஏறியிருந்தது. புதுச்சட்டப்படி இன்சூரன்சும் கட்டவேண்டியிருந்தது. கலியாணச் செலவுக்கு வாங்கிய கடன் தலைக்குமேல் நின்றது. சிவக்கொழுந்து கொடியைக் கழற்றிக் கொடுத்தார். இவர் வாங்கவில்லை. புது மருமகன் வந்துபோகும் வீட்டில் மாமியார் மஞ்சட்கயிற்றோடு நிற்கக்கூடாது என்றார்.

மார்கழி முதற்கிழமையில் கமலாவதி தெல்லிப்பழையிலிருந்து தனியாக என் கந்தோருக்கு வந்தாள். இன்சூரன்ஸ் தொகையை விசாரித்துக்கொண்டு வந்திருந்தாள். லைசென்சுக்கு எவ்வளவு வேண்டும் என்று அவளுக்கே தெரியும். மூன்று வருஷமாகக் கையொப்பம் வைத்தவள். அந்தத் தொகைக்கு விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னாள். புருஷனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். சொல்லிப்போட்டுத்தான் வந்தனான், அவர் ஒண்டும் சொல்லேல்லை என்றாள். அந்தப் பையனுக்கு நான் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். கொழும்பிலிருந்து உத்தரவு வந்த அன்றைக்குத் தகப்பனையும் வரச்சொல்லி, அவள் காசை எண்ணி அவர் முன்னால் வைத்தாள்.

பரமலிங்கம் அதைத் தொடவில்லை.

"உங்கடை காசுதானே ஐயா," என்றாள் கமலாவதி.

"முந்தி என்ரை," என்றார். "அண்ணை சபையிலை எழும்பிச் சொன்ன பிறகு அது உன்ரை. நான் இப்ப இதை வாங்கினால் அவர் பொய்ச்சாட்சி சொன்ன ஆளாப் போவார். ஒருக்கா அவரைப் பொய் சொல்லித் திருப்பி அனுப்பினனான். அது காணும்."

கமலாவதி அழுதாள், நான் கெஞ்சினேன். ஒருவருக்கும் தெரியவராது, புத்தகத்தின் இரகசியம் என்னோடு போகும் என்றேன். எனக்குத் தெரியுமே மாஸ்ரர் என்றார். அவளே அந்தக் காசைத் திரும்பவும் புத்தகத்தில் கட்டவேண்டியதாயிற்று. ஒரே நாளில் எடுத்த காசையும் கட்டிய காசையும் ஒரே பக்கத்தில் நான் பதிந்தது அந்த ஒருமுறைதான்.

டிசம்பர் முப்பத்தோராம் திகதியோடு லைசென்ஸ் முடிந்தது. சுன்னாகத்தில் ஒரு கடைக்காரர் காரை வாங்கிக்கொண்டு, மாதச் சம்பளத்துக்கு அதே காரை ஓட்டப் பரமலிங்கத்தையே கேட்டார். இவர் சம்மதித்தார். ஆனால் லைசென்ஸ் இல்லாமல் தெருவில் காரைச் செலுத்தக்கூடாது. அதனால் முத்துக்குமாரு தன் மாட்டுச் சோடியைக் கொண்டுவந்து, முன்பக்கத்தில் வடக்கயிறு கட்டி, சுன்னாகம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார்.

காலை பத்து மணியிருக்கும். என் கந்தோர் வாசலில் மாடுகள் களைத்து நின்றன. நான் வெளியே வந்தேன். பரமலிங்கம் உள்ளே ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். வழக்கத்தை விடமுடியாமல் கண்ணாடியைத் துடைத்திருந்தார். முத்துக்குமாரு மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு, தம்பி செய்த மடவேலையை என்னிடம் முறையிட்டார். ஓடுகிற காரை யாராவது விற்பார்களா, இனி இவன் இன்னொருவனுக்கெல்லோ கதவு திறக்கவேணும் என்றார். பிறகு கார்ப்பக்கம் திரும்பினார்.

"காசு முட்டுப்பாடெண்டால் என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம் தம்பி. ஒற்றியிலை கிடக்கிற துண்டு போனாலும் மற்றத் துண்டு கிடந்தது தானே. நான் இல்லையெண்டு சொல்லியிருப்பனோ?"

பரமலிங்கம் நேரே தெருவைப் பார்த்துக்கொண்டு, "ஓமண்ணை," என்றார்.

முத்துக்குமாரு மாடுகளைத் தட்டினார். கார் சத்தமில்லாமல் நகர்ந்தது. நான் உள்ளே வந்து, வரிசையில் நின்றவர்களுக்கு முத்திரை கொடுத்தேன். ஒருவருக்கு மிச்சக்காசைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டேன் என்று அவர் திரும்பி வந்து தந்தார்.